46 மில்லிமீட்டர் எங்கே போனது? ஒரு பழைய மோரிஸ் மைனரின் கிளட்ச் லிங்கேஜ்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1967-ல் செய்த மோரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். உரிமையாளரின் அப்பா ஓட்டிய வண்டி, அவர் காலத்துக்குப் பிறகு மகனிடம் வந்தது. மகனுக்கே இப்போது 68 வயது, சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் தொழில்முறை கார் மெக்கானிக் இல்லை. தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன், பழைய வண்டிகளில் 20 வருஷமாகக் கை வைத்து வருகிறேன்.

வண்டி கிளாசிக் திட்டத்தில் ஓடுகிறது. 35 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கான திட்டம் அது, ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது: கிளட்ச் சரியாகிவிட்டதா என்று பார்க்க 10 நிமிடம் வெளியே எடுத்தாலும் அது ஒரு நாள் கணக்குத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்ப்பேட்டையில் வண்டிக்கு அடியில் படுத்துப் பழுது பார்க்கவும் அனுமதி இல்லை. நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி இந்த இரண்டையும் பார்த்து எடுத்தவை.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அண்ணனின் தங்கை மகனுக்குக் கல்யாணம், சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில். மாப்பிள்ளையைத் தாத்தா வண்டியில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. மாப்பிள்ளையிடம் இருப்பது 3ஏ லைசென்ஸ், ஆட்டோ கியர் வண்டி மட்டும்தான் ஓட்டலாம். அதனால் மாமாவான அண்ணனே ஓட்டுவது என்று முடிவாயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டபோது கல்யாணத்துக்கு 9 வாரம் இருந்தது.

இந்த வண்டியின் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது

மைனரின் கிளட்ச்சில் எண்ணெயும் இல்லை, கேபிளும் இல்லை. எல்லாம் இரும்புக் கம்பியும் பின்னும்தான். பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது, அதன் அடிப்பக்கக் கை முதல் கம்பியை நகர்த்துகிறது, அந்தக் கம்பி சேஸிஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் ரிலே ஷாஃப்ட்டைத் திருப்புகிறது, ஷாஃப்ட்டின் இன்னொரு கை இரண்டாவது கம்பியை நகர்த்துகிறது, அது கிளட்ச் ஃபோர்க்கை அசைக்கிறது. இரண்டாவது கம்பியின் முனையில் மரையும் நட்டும் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ண இருப்பது அந்த ஒரே இடம்தான்.

ஃபோர்க் தள்ளுவது பால் பேரிங்கை அல்ல, ஒரு கார்பன் வளையத்தை. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மேல் கார்பன் நேராக உரசும். பெடல் மேலே இருக்கும்போது கார்பனுக்கும் தட்டுக்கும் இடையே இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் நேரமெல்லாம் கார்பன் தேய்ந்துகொண்டே இருக்கும். அது போனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் நாம் மேலே பெடலில் ஃப்ரீ பிளேயாக, அதாவது எதிர்ப்பில்லாமல் சும்மா போகும் தூரமாக, உணர்கிறோம்.

ஆனால் பெடலில் தெரியும் ஃப்ரீ பிளே முழுவதும் அந்த இடைவெளி இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு பின்னின் தேய்மானமும் அதில் கலந்திருக்கிறது. எங்கள் தவறு இங்கேதான் தொடங்கியது.

முதலில் கண்டது

ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று சத்தம், சிக்னலில் நின்றிருக்கும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, பெடலைத் தரையோடு மிதித்திருந்தாலும் வண்டி மெல்ல முன்னால் ஊர்கிறது. இவைதான் அண்ணன் சொன்ன புகார்கள். என்னிடம் வருவதற்கு முன் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த இளைஞர் கிளட்ச் எண்ணெய் டப்பாவைத் தேடியிருக்கிறார், அது இல்லை என்றதும் கிளட்ச் செட் முழுக்க மாற்ற வேண்டும் என்று 1,800 வெள்ளி சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பி போட்ட கிளட்ச்சை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

மைனரில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது. அதனால் அந்த இரண்டில் சத்தம் வந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. செய்த சோதனை எளிது: எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை முழுக்க மிதித்து, 10 விநாடி அப்படியே பிடித்திருந்து, பிறகு ரிவர்ஸ். கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் உள் ஷாஃப்ட் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். விழவில்லை, கறகறத்தது. அப்படியானால் கிளட்ச் விடவில்லை, எஞ்சினை கியர்பாக்ஸிலிருந்து முழுதாகப் பிரிக்கவில்லை.

பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பு தெரிவதற்கு முன் 60 மி.மீ. சும்மா போனது. பெடலின் மொத்த ஓட்டமே 140 மி.மீ. தான்.

முதல் முடிவு, அது ஏன்

காக்கி புக்கிட்டில் நண்பர் ஒருவரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இடம் கிடைக்கும். அங்கே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அட்ஜஸ்டர் நட்டை இரண்டரைச் சுற்று முறுக்கினேன். பெடல் ஃப்ரீ பிளே 60-லிருந்து 48-க்கு வந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது, முதல் கியரும் விழுந்தது, அண்ணன் முகத்தில் சிரிப்பு. லாக் நட்டைப் பூட்டிவிட்டு இறக்கினோம்.

ஏன் அதோடு நிறுத்தினேன்? குறி மறைந்துவிட்டது, மணி மாலை 5 ஆகிவிட்டது, நண்பர் பட்டறையைப் பூட்ட வேண்டும். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மைதான், போதுமானவை இல்லை. இடைவெளியை இவ்வளவு குறைத்த பிறகும் 48 மி.மீ. மிச்சம் இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அன்றைக்குத் தெளிவானது. நட்டை முறுக்கியதும் சத்தம் நின்றதால் பிரஷர் பிளேட்டும் கிளட்ச் பிளேட்டும் பிரிகின்றன, ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன புஷ்ஷும் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கவில்லை. 1,800 வெள்ளி வேலை தேவையில்லை என்பது மட்டும் அன்று உறுதியானது.

மூன்று வாரம் கழித்து

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, இப்ப கிளட்ச் பிடிக்கல. ராம்ப்ல ஏறும்போது எஞ்சின் கத்துது, வண்டி நகரல. கருகுற வாசம் வருது."

மூன்று வாரத்துக்கு முன் கிளட்ச் விடவில்லை, இப்போது பிடிக்கவில்லை. ஒரே வண்டியில் நேர் எதிரான இரண்டு குறிகள். பலமாடிக் கார்ப்பேட்டையின் மூன்றாவது மாடி வளைவில் வண்டி நின்றிருந்தது, மழை நின்று ஈரம் காயாத நேரம். பெடல் முழுதாக மேலே வந்திருந்தது. பெடலைத் தூக்கிப் பார்த்தேன், அதற்கு மேல் வர இடமில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரி.

அங்கே பழுது பார்க்கக் கூடாது, பார்க்கவும் இல்லை. எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்து மட்டும் பார்த்தேன். ரிலே ஷாஃப்ட்டின் கை தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதியில் நின்றிருந்தது. பெடலோ மேலே இருக்கிறது. நீண்ட ஸ்குரூ டிரைவரால் அந்தக் கையை மெல்லத் தள்ளினேன். 'ணக்' என்று ஒரு சத்தம், கை பின்னால் போய் உட்கார்ந்தது. அண்ணனை எஞ்சின் போட்டு ஏறச் சொன்னேன். வண்டி எந்தத் தகராறும் இல்லாமல் ஐந்தாம் மாடி வரை ஏறிப் போனது.

அந்த 'ணக்' சத்தத்தில் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. பெடல் திரும்பி வருவதும் ஷாஃப்ட் திரும்பி வருவதும் வெவ்வேறு விஷயங்கள். நடுவில் ஆட்டம் அதிகமாக இருந்தால், ஷாஃப்ட்டை இழுக்காமலேயே பெடல் மேலே வந்துவிடும்.

முழு ஆய்வு

அடுத்த நாளே காக்கி புக்கிட்டுக்குக் கொண்டுபோனோம், கிளட்ச்சை அதிகம் தொடாமல், காலியான சாலையாகப் பார்த்து. இந்தத் தடவை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அளவுகோலை எடுத்தேன்.

முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் செய்தால் போதும், மீதி எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலோடு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, காலால் அல்ல, உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும். இன்னொருவர் அடியில் டார்ச்சோடு படுத்து, அடுத்த உறுப்பு அசையத் தொடங்கும் கணத்தில் குரல் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர் அந்த நொடியில் பெடல் எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறது என்று எழுதிக்கொள்கிறார். எஞ்சின் ஓடக் கூடாது. வண்டி ஜாக்கில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அண்ணன் மேலே, நான் கீழே. மூன்று தடவை செய்து சராசரி எடுத்தோம். ஒப்பிட வசதியாக, முதல் நாள் முறுக்கிய நட்டைத் தளர்த்திவிட்டு, கூடவே கொஞ்சம் இடைவெளியும் விட்டு அளந்தோம்.

பெடல் 8 மி.மீ. போனதும் முதல் கம்பி அசைந்தது. 21-ல் ரிலே ஷாஃப்ட்டின் கை அசையத் தொடங்கியது. 40-ல்தான் இரண்டாவது கம்பி அசைந்தது. 46-ல் ஃபோர்க். 64-ல் கார்பன் தட்டைத் தொட்டு எதிர்ப்பு தெரிந்தது.

அதாவது உண்மையான இடைவெளி 18 மி.மீ. மட்டும். மீதி 46 மி.மீ., பெடல் ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இரும்பு இரும்பைத் தொடும் முன்பே வீணாகிறது. முதல் நாள் நான் 48-ல் விட்டபோது உண்மையில் விட்ட இடைவெளி 2 மி.மீ. தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கார்பன் தட்டை ஏறக்குறைய தொட்டுக்கொண்டே மூன்று வாரம் ஓடியிருக்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 55 வருஷத்துக்கு மேல் தாங்கிய ஒரு பொருளை மூன்று வாரத்தில் கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அதிகம் வீணான இடம் 21-க்கும் 40-க்கும் நடுவே, ரிலே ஷாஃப்ட்டில். அண்ணன் அழுத்த அழுத்தக் கீழிருந்து பார்த்தேன்: ஷாஃப்ட் சுற்றுவதற்கு முன் சேஸிஸ் பக்க முனை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது, சாய்ந்தது, பிறகுதான் திரும்பியது. மூச்சு விடுவதுபோல் இருந்தது அந்த அசைவு. சேஸிஸ் பக்க புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது.

கழற்றிப் பார்த்தது

முதல் கம்பியின் பின்பக்க முனையில், கம்பியையும் கையையும் கோக்க வேண்டிய மரையில்லாத கிளெவிஸ் பின்னே இல்லை. எப்போதோ யாரோ ஒரு சாதாரண போல்ட்டைப் போட்டு நட்டு பூட்டியிருக்கிறார்கள். அந்த போல்ட்டின் மரை உள்ள பகுதி சரியாகத் துளைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த மரை அரம் மாதிரி துளையை ராவியிருக்கிறது. துளையின் ஓரத்தில் விரல் வைத்தால் சின்னச் சின்ன வரிகள் நெருடின. போல்ட்டிலும் மரை பாதி மழுங்கி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் தேயாத இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் 1.1 மி.மீ. வித்தியாசம்.

ரிலே ஷாஃப்ட்டில் புஷ் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் கூர்மையான ஒரு விளிம்பு. கிரீஸ் இருந்த இடத்தில் கறுப்பு மண். ஃபோர்க்கைப் பின்னால் இழுக்க வேண்டிய ஸ்பிரிங் நீண்டு தொங்கிப்போயிருந்தது.

நேர் எதிரான இரண்டு குறிகளுக்கும் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. பல வருஷமாக ஷாஃப்ட் ஒரே அளவு திரும்பி ஒரே தடத்தில் தேய்ந்திருக்கிறது. நான் நட்டை முறுக்கியபோது அது திரும்பும் எல்லை கொஞ்சம் இடம் மாறியது, இதுவரை தொடாத அந்த விளிம்பின் மேல் ஷாஃப்ட் ஏறத் தொடங்கியது. மிதிக்கும்போது காலின் பலத்தில் ஏறிவிடுகிறது, விடும்போது தொய்ந்த ஸ்பிரிங்கால் இறங்க முடியவில்லை. சாய்ந்த ஷாஃப்ட் புஷ்ஷில் இறுகி நிற்க, கார்பன் தட்டைத் தள்ளியபடியே இருக்கிறது. பழைய அட்ஜஸ்ட்மென்ட்டில் அந்த இடத்துக்கு வரும் முன்பே கார்பன் விலகியிருக்கும், அதனால் சிக்கினாலும் தெரியவில்லை.

வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்யவும் சில இடங்களைப் பார்த்தோம். கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்கள் நன்றாக இருந்தன. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் துளையில் தொங்கும் ஸ்பிளிட் பின்னில் (முனையை வளைத்துப் பூட்டும் கம்பிப் பின்) ஒரு துளி எண்ணெய், இந்த எஞ்சினுக்கு அது புதிதில்லை. பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால், கையைத் தள்ளியதும் வண்டி அப்படி ஏறியிருக்காது.

எதைச் செய்தோம், எதை விட்டோம்

கல்யாணத்துக்கு 6 வாரம் இருந்தது. அண்ணன் கேட்டார், "தம்பி, கியர்பாக்ஸையும் இறக்கிப் பாத்துரலாமா? நிம்மதியா இருக்கும்ல." எனக்கும் கார்பன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆசைதான். ஆனால் மைனரில் அது சின்ன வேலை இல்லை. கழற்றிய பிறகு ஒரு பொருள் உடைந்து அது கப்பலில் வர வேண்டியிருந்தால் கல்யாணத்துக்கு வண்டி இல்லை. கார்பன் கத்தவும் இல்லை, பெடல் அதிரவும் இல்லை. லிங்கேஜை மட்டும் முழுதாகச் செய்வது, கார்பனை அளவு எடுத்துக் கண்காணிப்பது என்று முடிவெடுத்தோம்.

பெடல் அச்சிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, முதல் 8 மி.மீ.-யில் பாதி அதுதான். அதை வேண்டுமென்றே தொடவில்லை. மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அதே இடத்தில் சேஸிஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்திலேயே முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் ஓடுகிறது. 4 மி.மீ.-க்காக நல்ல நிலையில் இருக்கும் பிரேக்கைக் கலைப்பது சரியாகப் படவில்லை. நிப்பிளில் புது கிரீஸ் ஏற்றியதோடு விட்டோம்.

பின்கள், ஸ்பிரிங், ஒரு பக்க புஷ் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம், 11 நாள் ஆனது. மற்றதுக்கு ஊபியில் ஒரு லேத் பட்டறை. அதன் முதலாளி 70 தாண்டிய சீனப் பெரியவர், சின்ன வயதில் மைனர் டாக்ஸியில் போன கதையைச் சொல்லிக்கொண்டே ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த இடத்தில் வெல்டு வைத்துக் கடைய முடியுமா என்று கேட்டேன். "பொலே, பொலே" (மலாயில் 'முடியும்') என்றார், ஆனால் உடனே தலையை ஆட்டி, சூட்டில் ஷாஃப்ட் வளைந்தால் கைகளின் கோணம் மாறிவிடும் என்று கையாலேயே வளைத்துக் காட்டினார். அவர் சொன்னதே சரி என்று பட்டது. வெல்டு வைக்காமல், பள்ளம் மறைந்து வட்டமாகும் வரை மட்டும் ஷாஃப்ட்டைச் சீவி, அந்தச் சிறிய அளவுக்கேற்ப வெண்கலத்தில் ஒரு புஷ் கடைந்து கொடுத்தார். போல்ட் ராவிய துளையைப் பெரிதாக்கி, ஒரு எஃகு புஷ்ஷை இறுக்கி ஏற்றி, புதுப் பின்னுக்குச் சரியான அளவு வரும்படி ரீமர் ஓட்டினார். 220 வெள்ளி வாங்கினார்.

பூட்டியது, அட்ஜஸ்ட் செய்தது

எல்லாப் பின்னுக்கும் புது ஸ்பிளிட் பின். பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது, அந்தக் கம்பி ஒரு தடவை வளைவதற்குத்தான். கிளெவிஸ் பின்களுக்கு கிரீஸ் நிப்பிள் கிடையாது, போடும்போதே தடவி, பிறகு அவ்வப்போது எண்ணெய்க் கேனால் இரண்டு சொட்டு விட வேண்டும். பின்னின் தலை மேல்பக்கம் வரும்படி வைத்தோம், ஸ்பிளிட் பின் உடைந்தாலும் பின் உடனே கீழே விழாது.

பூட்டியதும் அளக்கவில்லை. முதலில் பெடலை 20 தடவை முழுக்க மிதித்து விட்டோம், புது புஷ்கள் தங்கள் இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. பிறகு அதே முறையில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இப்போது ஃபோர்க் 9 மி.மீ.-லேயே அசைந்தது. நட்டைத் திருப்பி, கார்பன் 28-ல் தொடும்படி வைத்தோம். உண்மையான இடைவெளி 19. இந்த எண்கள் இந்த வண்டிக்கு, இந்தப் பெடல் ஆட்டத்தோடு சேர்த்து. உங்கள் வண்டிக்கு அதன் கையேட்டில் உள்ள அளவையே எடுங்கள், என் எண்ணை எடுக்காதீர்கள். லாக் நட்டைப் பூட்டும்போது அட்ஜஸ்டர் நட்டும் கூடவே திரும்பிவிடும், அதனால் இரண்டு ஸ்பேனர் வைத்துப் பூட்டி, பூட்டிய பிறகு மறுபடி அளந்தோம். 1 மி.மீ. மாறியிருந்தது, திருத்தினோம். கடைசியாக நட்டின் மேலும் கம்பியின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு.

சோதனைக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கி எல்லாவற்றையும் அதில் அடக்கினோம். 10 தடவை ரிவர்ஸ், ஒவ்வொன்றிலும் 5 விநாடி பொறுத்து, ஒன்றிலும் சத்தமில்லை. கார்ப்பேட்டை ராம்ப் நாலு தடவை. அப்பர் தாம்சன் ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினோம், எஞ்சின் சத்தமும் வேகமும் ஒன்றாகவே ஏறின, ஸ்லிப் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் குனிந்து ரிலே ஷாஃப்ட்டின் கை முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தேன்.

பின்னர் நடந்தது

கல்யாண நாள் காலை 6 மணிக்கு ஈசூனில் கிளம்பினோம். சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்கு முன் கார்கள் வரிசை கட்டி, 15 நிமிடம் நின்று நின்று நகர்ந்தது, கிளட்ச்சுக்கு அதைவிடக் கடினமான சோதனை வேறு இல்லை. அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் ஓட்டினார், பாதத்தால் பெடலை உணர முடிகிறது என்றார். ஒரு தடவைகூட கியர் கத்தவில்லை. திரும்பி வரும்போது மட்டும் பெடல் கீச்சென்றது. முதல் கம்பியின் முன்பக்க முனையில் உள்ள பின், நான் எண்ணெய் விட மறந்த ஒரே இடம். இரண்டு சொட்டு விட்டதும் நின்றது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அளக்கிறோம், வண்டி வெளியே போகாத நாளில், எஞ்சின் போடாமல். இரண்டு எண்ணை எழுதுகிறோம்: ஃபோர்க் அசையும் இடம், கார்பன் தொடும் இடம். ஒரே எண்ணாக மொத்த ஃப்ரீ பிளேயை மட்டும் எழுதக் கூடாது என்பதை இந்த வேலையில்தான் கற்றேன். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் இடைவெளி குறைகிறது, பின்கள் தேய்ந்தால் ஆட்டம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் மொத்த எண் மாதக்கணக்கில் மாறாமலே இருக்கும், உள்ளே கார்பன் தொட ஆரம்பித்திருக்கும்.

மாற்றிச் செய்வது என்றால்

முதல் ஞாயிறன்றே அளந்திருப்பேன். அரை மணி நேர வேலை அது. அளக்க நேரமில்லாத நாளில் நட்டைத் தொட்டிருக்க மாட்டேன். கல்யாணத் தேதியையும் என்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அந்தத் தேதி மனதில் இருந்ததால்தான் குறி மறைந்ததும் வேலை முடிந்தது என்று நம்ப ஆசைப்பட்டேன்.

ஸ்பிரிங்கை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 4 வெள்ளி கூடப் பெறாத பொருள், அது சரியாக இழுத்திருந்தால் ராம்ப்பில் நின்றிருக்க மாட்டோம். பின்னுக்குப் பதில் போல்ட் போட்டிருக்கிறதா என்று இப்போது எந்தப் பழைய வண்டியை எடுத்தாலும் முதலில் பார்க்கிறேன், இதற்குப் பிறகு இன்னொரு நண்பரின் வண்டியிலும் அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

பெடல் அச்சை விட்டது சரியா என்று அண்ணனும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் சிலிண்டருக்கு வேலை வரும் நாளில் அதையும் சேர்த்துச் செய்வதாக இருக்கிறோம். கார்பனையும் பார்த்தாக வேண்டும். எட்டு மாதம் கழித்துக் கடைசியாக அளந்தபோது ஃபோர்க் 10-ல் அசைந்தது, கார்பன் 27-ல் தொட்டது. 19 ஆக இருந்த இடைவெளி 17. அது 12-க்கு வரும்போது கியர்பாக்ஸை இறக்குவது என்று அண்ணன் தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.